டேட்டாபேஸ் டிசைன்: ஒரு தகவலுக்கு ஒரே இடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் சில நாட்களிலேயே எக்ஸெல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமில் ஏதாவது ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, டியூஷன் மாணவர் பட்டியல் எனப் பல வகை. முதல் மாதம் எல்லாம் சரியாக இருக்கும். ஆறு மாதம் சென்றபின் ஒரே ஆளுக்கு இரண்டு போன் எண் இருக்கும். எது சரி என்று யாருக்கும் தெரியாது. குறை கம்ப்யூட்டரில் இல்லை. தகவல்களைப் பிரித்து வைத்த விதத்தில்தான் இருக்கிறது. சரியாகப் பிரிப்பது எப்படி என்பதே பி.இ., எம்.சி.ஏ. மாணவர்கள் கல்லூரியில் படிக்கும் டேட்டாபேஸ் டிசைன். அதன் அடிப்படையை நீங்களும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே பட்டியலில் என்ன சிக்கல்?

ஒரு டியூஷன் சென்டரை எடுத்துக்கொள்வோம். மாணவர் பெயர், பெற்றோர் போன், பாடம், ஆசிரியர், மாதக் கட்டணம் என ஐந்து தலைப்புகளில் ஒரு பட்டியல். கவிதா கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்ந்திருக்கிறாள். எனவே அவளுக்கு மூன்று வரிசைகள். இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

1. கவிதாவின் அப்பா போன் எண்ணை மாற்றுகிறார். நீங்கள் ஒரு வரிசையில் மட்டும் திருத்துகிறீர்கள். "இன்று வேதியியல் வகுப்பு இல்லை" என்ற செய்தி பழைய எண்ணுக்குச் செல்கிறது. பெண் மாலையில் வந்து பூட்டிய கதவின் முன் காத்து நிற்கிறாள்.

2. இயற்பியலில் இருந்த ஒரே மாணவர் விலகுகிறார். அவர் வரிசையை அழித்தால், இயற்பியல் ஆசிரியரின் பெயரும் கட்டணமும் சேர்ந்தே அழிந்துவிடும்.

3. புதிதாக உயிரியல் தொடங்குகிறீர்கள். ஆசிரியர் தயார். ஆனால் மாணவர் சேரும்வரை அந்த விவரத்தை எழுத முழுமையான வரிசை கிடையாது.

கல்லூரிப் பாடத்தில் இவற்றை அப்டேட், டெலீட், இன்சர்ட் அனாமலி என்பார்கள்.

வழி காட்டியவர்

இதற்குத் தீர்வு தந்தவர் எட்கர் காட். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையை 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். இதற்காக 1981ல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய டூரிங் விருது பெற்றார். ஆரக்கிள், மை எஸ்.க்யூ.எல். போன்ற டேட்டாபேஸ்கள் இந்த வழியில் வந்தவையே.

நான்கு டேபிள்கள்

அந்த முறைப்படி நம் பட்டியலைப் பிரித்திடுவோம்.

மாணவர்: மாணவர் எண், பெயர், பெற்றோர் போன்.
ஆசிரியர்: ஆசிரியர் எண், பெயர், போன்.
பாடம்: பாட எண், பெயர், கட்டணம், ஆசிரியர் எண்.
சேர்க்கை: மாணவர் எண், பாட எண், சேர்ந்த தேதி.

இப்போது போன் எண் ஒரே இடத்தில்தான் உள்ளது. அங்கு மாற்றினால் போதும். இயற்பியலில் யாரும் இல்லாவிட்டாலும் பாடம் டேபிளில் அதன் விவரம் பத்திரமாக இருக்கும். இப்படிப் பிரிப்பதற்கு நார்மலைசேஷன் என்று பெயர்.

ஒவ்வொரு டேபிளிலும் ஒரு ரெக்கார்டைத் தனியாக அடையாளம் காட்டுவது பிரைமரி கீ. மாணவர் டேபிளில் மாணவர் எண்தான் பிரைமரி கீ. பெயரை வைக்கக் கூடாது. ஒரே வகுப்பில் இரண்டு எஸ். குமார் இருக்கலாம். போன் எண்ணும் உதவாது. அது மாறும், அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே எண்ணாகவும் இருக்கும். மாணவர் எண் சேர்க்கை டேபிளில் வரும்போது அது ஃபாரின் கீ ஆகிறது. இந்தத் தொடர்பை டேட்டாபேஸில் அமைத்துவிட்டால், இல்லாத மாணவர் எண்ணைச் சேர்க்கையில் டைப் செய்தால் ஏற்க மறுத்துவிடும்.

பழைய ரசீது மாறக் கூடாது

இங்கு ஓர் எச்சரிக்கை. மாணவர் கட்டிய பணத்திற்கு ஐந்தாவதாக ஒரு டேபிள் தேவை. பாடம் டேபிளில் கட்டணம் இருக்கிறதே, இதில் மீண்டும் ஏன் தொகையை எழுத வேண்டும் எனக் கேட்கலாம். அவசியம் எழுத வேண்டும். ஜூனில் 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை ஜனவரியில் 600 என மாற்றுகிறீர்கள். தொகையைப் பாடம் டேபிளில் இருந்து மட்டும் எடுத்தால், ஜூன் ரசீதும் 600 எனக் காட்டும். மாணவர் 100 ரூபாய் பாக்கி வைத்ததாகக் கணக்கு வரும். இன்றைய கட்டணம் ஒரு தகவல். அன்று கட்டிய தொகை வேறு தகவல். பார்ப்பதற்கு ஒன்று போலத் தோன்றும் இரண்டைப் பிரித்தறிவதுதான் டிசைனில் கடினமான பகுதி.

மேல்நிலைப் பாடத்தில் என்ன?

பட்ட மேற்படிப்பில் இதே பாடம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஒரு வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் கழிக்கப்பட்டு, மற்றொன்றில் சேரும் முன் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. இத்தகைய வேலைத் தொகுப்பு டிரான்ஸாக்‌ஷன் எனப்படும். மாற்றத்தைச் செய்யும் முன் அதனை லாக் ஃபைலில் குறித்து வைத்து, மின்சாரம் வந்ததும் அதைப் படித்து டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கடைசி சீட்டுக்கு இருவர் ஒரே நொடியில் முன்பதிவு செய்தால் ஒருவருக்கு மட்டும் கிடைக்கச் செய்வது எப்படி என்பதும் இதில் அடங்கும்.

அடுத்தது இன்டெக்ஸ். 10 லட்சம் பெயர்களை வரிசைப்படுத்தி வைத்து, ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துத் தேடினால் சுமார் 20 முறையில் வேண்டிய பெயர் கிடைத்துவிடும். டேட்டாபேஸ்கள் பயன்படுத்தும் பி-ட்ரீ அமைப்பில் டிஸ்க்கைப் படிக்க வேண்டிய தடவை இன்னும் குறைவு.

இப்பாடத்திற்குப் பல நாடுகளில் பயன்படும் நூல் டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ். அதன் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் எஸ். சுதர்சன்.

வீட்டில் முயற்சி செய்ய

லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாகப் பெறலாம். அதிலுள்ள பேஸ் புரோகிராமில் மேலே சொன்ன டேபிள்களை அமைத்து, டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப்ஸ் பிரிவில் அவற்றை இணைத்திடுங்கள். அதற்கு முன் ஒரு தாளில் டேபிள்களைக் கட்டங்களாக வரைந்து, "இந்தத் தகவல் மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்?" என ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். விடை ஒன்றுக்கு மேல் வந்தால், டைப் செய்யத் தொடங்காமல் இன்னொரு முறை பிரித்துப் பாருங்கள்.