கரிசலும் முறிந்த திருகாணியும்

கடம்பூரைப் போளியினால் மட்டும் அறிந்தவர்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் அவ்வூர்ப் பக்கத்து வண்டிப்பாதைகளில் ஒருமுறை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பார்ப்பாராக. ஈரத்தில் பிசினாகவும் வெயிலில் கல்லாகவும் மாறும் கரிசல் மண் வண்டியின் அடிப்புறத்தை அப்பிக்கொள்ளும். மேலே உலர்ந்து தோன்றினும் உள்ளே நெடுநாள் ஈரம் காத்து நிற்கும். பழைய வண்டிகளின் அடிப்புறத்து ஆணிகள் கழற்றும்போது முறிவதற்கு இவ்வீரம் ஒரு பெருங் காரணமாம்.

1955ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியார் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் கூடு அலுமினியக் கலப்பு. அதில் ஏறும் ஆணியோ எஃகு. இவ்விரு உலோகங்களும் உப்பு கலந்த ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பின் அங்கே ஒரு சிறு மின்கலமே அமைந்துவிடுகின்றது. அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாகும். அப்பொடி, தான் தோன்றிய உலோகத்தினும் மிகுந்த இடங்கொள்வதால், மரைகளின் இடைவெளியை நிரப்பி ஆணியைப் பூட்டிவிடும். அப்பொழுது நீண்ட ஸ்பேனரைக் கொண்டு வலிந்து திருப்பினால், தலை கையோடு வர, உடல் உள்ளே தங்கும்.

ஆணி அற்ப விலையது. துளையோ கூட்டின் ஓர் அங்கம். துளையைக் காப்பதே இங்குக் கருமம்.

மண்ணைக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்த பின், பெட்ரோலையும் எஞ்சின் எண்ணெயையும் வடித்து, பெட்ரோல் தொட்டியையும் பாட்டரியையும் கழற்றி அப்பாற்படுத்தி, வைக்கோல் திணித்த சாக்கின்மேல் வண்டியைச் சாய்த்துக் கிடத்துக. கீழ்நோக்கிய துளையில் விட்ட எண்ணெய் வழிந்துபோகும். சாய்த்த வண்டியிலோ அது மரைக்குள் இறங்க அவகாசம் பெறும். மல்லாந்து துளையிடுவோர் கண்ணில் இரும்புத்தூள் விழும் அபாயமும் நீங்கும். ஓர் இரவேனும் எண்ணெய் ஊறவேண்டும்.

அடுத்தது உஷ்ணம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 8 மில்லிமீட்டர் துளையைச் சுற்றி 100 டிகிரி சூடேற்றினால் உண்டாகும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கே. ஆயினும் பூட்டு நெகிழ அது பெரும்பாலும் போதும். ஆகவே சூடு காட்டவேண்டியது கூட்டுக்கேயன்றி ஆணிக்கன்று.

துண்டு சிறிது வெளியே நீண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புவதே உத்தமம். வெல்டிங்கின் வெப்பத்தால் பருத்த ஆணி ஆறுகையில் சுருங்க, பொடியின் பிடிப்பு உடையும். துண்டு உள்ளடங்கிவிட்டாலோ, சரி நடுவில் பஞ்ச் வைத்து, இடப்பக்கம் சுழலும் டிரில்லால் துளையிடவேண்டும். சில வேளை அத்துளையீட்டிலேயே துண்டு கழன்று வந்துவிடும். பட்டறைகளில் ஈசி அவுட் என்னும் கருவியை முதலிலேயே செருகி முறுக்குவதுண்டு. இதை யான் ஒப்புகிலேன். அது மிகக் கடினமான எஃகாதலின் எளிதில் ஒடியும். உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதனைத் தொடாது, ஒன்று இரண்டாகும். நடு பிறழாது துளையைப் படிப்படியாகப் பெருக்கி, எஞ்சிய மெல்லிய ஓட்டை ஊசியால் பெயர்த்தெடுப்பது மெதுவான வழியாயினும் நல்ல வழி. மரை கெட்டிருப்பின், துளையைச் சற்றே பெருக்கிச் சுருட்கம்பி மரை ஒன்றை உள்ளே பொருத்திக்கொள்ளலாம்.

புது ஆணி வாங்குவோர் பழைய துண்டை உடன் கொண்டுசெல்க. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து அமைப்பில் பிறந்த வண்டியாதலால் பழைய புல்லட்டில் அங்குல மரைகள் உண்டு. மில்லிமீட்டர் ஆணி முதல் இரண்டு சுற்று இணங்கி, மூன்றாவதில் அலுமினியத்தை அறுக்கும். பொருந்திய ஆணிக்கும் மரையில் கிரீஸ் தடவி ஏற்றுவது, அடுத்த கார்த்திகை ஈரம் உட்புகாதபடி காக்கும்.