ஹால் சுவரில் செத்த கவுதாரியா? அட, அழகாத்தான் இருக்கு!

சாமி படம் மாட்டுவோம், கல்யாண போட்டோ மாட்டுவோம். ஆணியில் தலைகீழாகத் தொங்கும் கவுதாரியை யாராவது ஹாலில் மாட்டுவார்களா? ஐரோப்பாவில் மாட்டினார்கள். அதுவும் காசு கொடுத்து!

வேட்டையில் விழுந்த பறவைகளை வரையும் இந்த வகை, 17-ம் நூற்றாண்டு நெதர்லாந்தில் சக்கைபோடு போட்டது. காரணம் சுவாரஸ்யமானது. அங்கே வேட்டையாடும் உரிமை பெரும்பாலும் பிரபுக்களிடம்தான் இருந்தது. வியாபாரத்தில் சம்பாதித்தவர்களிடம் பணம் இருந்தது, அந்த உரிமை இல்லை. சுட முடியாத பறவையை ஓவியமாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பந்தா என்றால் அப்படியொரு பந்தா! யான் வீனிக்ஸ் போன்ற ஓவியர்கள் ஒவ்வொரு இறகையும் தொட்டுப் பார்க்கத் தூண்டும் அளவுக்கு வரைந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி, யாகொப்போ தே பார்பரி 1504-ல் வரைந்த ஓவியம். மரப்பலகையில் ஒரு கவுதாரி, இரும்புக் கையுறைகள், ஓர் அம்பு. நிஜமாகவே தொங்குவது போலிருக்கும். இப்போது ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, இன்றைய வீட்டில் எங்கே மாட்டலாம்? டைனிங் ஹால்தான் முதல் சாய்ஸ். படுக்கையறை வேண்டவே வேண்டாம். இந்த ஓவியங்களில் பின்னணி பெரும்பாலும் இருட்டாக இருக்கும். அதனால் பளிச் வெள்ளைச் சுவரைவிட கரும்பச்சை, காவி நிறச் சுவரில் இறகுகளின் வண்ணம் எடுப்பாகத் தெரியும். நாலைந்து மாட்டினால் கறிக்கடை ஆகிவிடும், ஒன்று போதும்! படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் கண்ணுக்கு நேராக அமையும்.

'வீட்டில் எல்லோரும் சைவம், செத்த பறவை எதற்கு?' என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே காலத்து ஓவியர் மெல்கியோர் டி ஹொண்டெகூட்டர், உயிருள்ள பறவைகளை வரைவதில் கில்லாடி. சுமார் 1680-ல் அவர் வரைந்த 'மிதக்கும் இறகு' ஓவியத்தில் குளக்கரையில் கூழைக்கடா நிற்கும், சுற்றிலும் வாத்துகள், தண்ணீரில் ஒற்றை இறகு. குழந்தைகள் பறவைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இந்த ஓவியத்தைத் தன் இணையதளத்தில் பெரிய அளவில், இலவசமாகவே தருகிறது. டவுன்லோடு செய்து கேன்வாஸ் துணியில் பிரின்ட் எடுத்தால் போதும். கண்ணாடி போட்ட ஃப்ரேம் மட்டும் வேண்டாம். இருட்டான படத்தில் டியூப்லைட்டும் நம் முகமும்தான் தெரியும்!