ஒரு சர்வருக்குள் பல சர்வர்கள்

ஒரே கணினியின் செயலி, நினைவகம், வட்டு, நெட்வொர்க் இணைப்பு ஆகியவற்றை மென்பொருளால் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினியாக இயங்கவைப்பதே சர்வர் மெய்நிகராக்கம். ஒவ்வொரு பங்கும் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதில் நிறுவப்படும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ தான் ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பது பொதுவாகத் தெரியாது. பங்கீட்டைக் கவனிக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர்.

இதற்கான தேவை 1990களில் கூர்மையானது. மின்னஞ்சல், கணக்கு, தரவுத்தளம் என ஒவ்வொன்றுக்கும் நிறுவனங்கள் தனித்தனி சர்வர் வாங்கின. ஒரு மென்பொருள் முடங்கினால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதே காரணம். பெரும்பாலான நேரம் சும்மா கிடந்த அந்தச் சர்வர்களுக்கும் மின்சாரமும் குளிரூட்டலும் தேவைப்பட்டன.

யோசனை என்னவோ பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் உருவாக்கிய சிபி-40, 1967இலேயே ஒரு மெயின்ஃப்ரேமைப் பலருக்குத் தனித்தனி இயந்திரமாகப் பிரித்துக்கொடுத்தது. 1972இல் அதன் வழிவந்த விஎம்/370 அறிவிக்கப்பட்டது. மலிவான கணினிகள் பெருகியபின், மெயின்ஃப்ரேம் உலகுக்கு வெளியே இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

மலிவான கணினிகளில் இதைச் செய்வது எளிதாகவும் இல்லை. ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் 1974இல் ஒரு நிபந்தனையை வகுத்திருந்தனர்: இயந்திரத்தின் நிலையை மாற்றும், அல்லது அதைச் சார்ந்து நடக்கும் எந்தக் கட்டளையையும் அதிகாரமில்லாத நிரல் இட்டால், சிப் உடனே நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும். இன்டெலின் எக்ஸ்86 சிப் இதில் தவறியது. பென்டியத்தில் அப்படித் தப்பிக்கும் கட்டளைகள் 17 என 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றுள் ஒன்று பாப்-எஃப். குறுக்கீடுகளை நிறுத்த அதை இயங்குதளம் பயன்படுத்தலாம். அதிகாரமில்லாத நிலையில் இட்டால் சிப் பிழையும் காட்டாது, குறுக்கீட்டையும் நிறுத்தாது. நிறுத்திவிட்டதாக இயங்குதளம் நம்பும். ஹைப்பர்வைசருக்குச் செய்தியே போகாது. வெளிப்படையான பிழையைவிட இந்த மௌனம் ஆபத்தானது.

ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் மெண்டல் ரோசன்ப்ளம், டயான் கிரீன் உள்ளிட்டோர் 1998இல் தொடங்கிய விஎம்வேர் இதற்கு வழி கண்டது. இயங்குதளக் கருவின் கட்டளைகள் ஓடுவதற்குச் சற்று முன் அவற்றைப் படித்து, வம்பு பிடித்தவற்றை மட்டும் அது மாற்றி எழுதியது. சாதாரண நிரல்கள் நேரடியாக ஓடியதால் வேகம் அதிகம் குறையவில்லை. 2001இல் சர்வர்களுக்கான அதன் ஹைப்பர்வைசர் இஎஸ்எக்ஸ் வந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜென் என்ற ஹைப்பர்வைசர், இயங்குதளத்தையே திருத்தும் பாதையை எடுத்தது. மூலநிரல் திறந்திருந்த லினக்ஸுக்கு அது பொருந்தியது. 2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றது.

ஒரு மெய்நிகர் இயந்திரம் வட்டில் சில கோப்புகள்தான் என்பதால் அதை நகலெடுக்கலாம், முந்தைய நிலைக்குத் திருப்பலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு சர்வருக்கு மாற்றவும் செய்யலாம். இந்த இடமாற்றத்தில் முதலில் நினைவகம் முழுதும் நகலாகிறது; அதற்குள் மாறிய பக்கங்கள் மறுபடி நகலாகின்றன. மிச்சம் சிறிதாகும்போது இயந்திரம் கண நேரம் நின்று, புதிய இடத்தில் தொடர்கிறது. பழுதான சர்வரைக் கழற்ற இனி நள்ளிரவுவரை காத்திருக்கத் தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. ஒரு சர்வர் விழுந்தால் அதிலுள்ள எல்லா இயந்திரங்களும் விழும்; ஆகவே குறைந்தது இரண்டு சர்வர்களும், ஒன்றின் சுமையை மற்றது தாங்கும் அளவு இடமும் வேண்டும். முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டைக் காப்புப் பிரதி என நம்புவது பலர் செய்யும் தவறு. மூல வட்டு போனால் அதுவும் போகும். 2023 பிப்ரவரியில் பரவிய பணயத் தீநிரல், இஎஸ்எக்ஸின் வழிவந்த இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வர்களில் புகுந்து மெய்நிகர் இயந்திரக் கோப்புகளையே பூட்டியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது.

2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. செலவு கூடிய நிறுவனங்கள் ஹைப்பர்-வி, கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மாற்று மென்பொருள்களைப் பரிசீலிக்கின்றன. வட்டுக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது பெரிய வேலையல்ல. நெட்வொர்க் அமைப்பு, காப்புப் பிரதி முறை, ஊழியர் பயிற்சி ஆகியவற்றைப் புதிதாகச் செய்யத்தான் மாதங்கள் பிடிக்கின்றன.