வாங்குபவரே வேண்டாம் என்றபோது

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்களிடம் போய்க் கேட்டால் பதில் ஒன்றுதான். இணையத்துக்கென்று தனியாக ராட்சத ரவுட்டர்கள் எங்களுக்கு வேண்டாம். கேட்டுக்கொண்டு போனவர் வினோத் கோஸ்லா, கிளைனர் பெர்கின்ஸ் என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர். வாங்க வேண்டியவரே வேண்டாம் என்று சொல்லும் பொருளில் யார் பணம் போடுவார்கள்? கோஸ்லா போட்டார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் இருந்த பிரதீப் சிந்து அந்த ஆண்டு தொடங்கிய ஜூனிப்பர் நெட்வொர்க்ஸுக்குப் போன அந்தச் சில மில்லியன் டாலர், கிளைனர் பெர்கின்ஸுக்கு ஏறத்தாழ 700 கோடி டாலராகத் திரும்பி வந்தது.

இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிட்டால் கதையின் பாதி போய்விடும்.

தொலைபேசி நிறுவனங்கள் அப்போது ஏடிஎம் என்ற தகவல் கடத்தும் முறையை நம்பியிருந்தன (வங்கி வாசலில் நிற்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை). குரலைக் கொண்டுபோகவே கட்டப்பட்டவை அவர்களுடைய கம்பிகள். ஏடிஎம் அந்த உலகத்துக்குப் பொருந்தியது. என்ன வேண்டும் என்று கேட்டால், கையில் இருப்பதையே இன்னும் கொஞ்சம் மேம்படுத்தித் தரச் சொன்னார்கள். அதில் தவறில்லை. ஆனால் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள டிசிபி/ஐபி என்ற வேறொரு நெறிமுறை ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது. கோஸ்லாவுக்கு அது புதிதல்ல.

டெல்லி ஐஐடியில் மின்பொறியியல் படித்தவர் அவர். இந்தியாவில் சோயா பால் தொழில் தொடங்கப் பார்த்தார், நடக்கவில்லை. அமெரிக்கா போய் கார்னகி மெலனில் உயிர்மருத்துவப் பொறியியலும் ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மையும் முடித்தார். 1982-ல் ஆண்டி பெக்டோல்ஷைம், ஸ்காட் மெக்நீலி, பில் ஜாய் ஆகியோருடன் சேர்ந்து சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. பெர்க்லி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்குள் டிசிபி/ஐபியைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அந்த பில் ஜாய்தான். சன் விற்ற கணினிகள் பிறக்கும்போதே வலைப்பின்னலோடு பிறந்தவை. பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கூடங்களிலும் அவை பரவிய வேகத்தை கோஸ்லா உள்ளே இருந்து பார்த்தார். தொலைபேசி நிறுவன அதிகாரிகளுக்கு அந்த அனுபவம் கிடையாது. 1996-ல் அவர் எதிர்நீச்சல் போட்டதற்குப் பின்னால் இருந்தது பிடிவாதமல்ல, கைப்பட அறிந்த தொழில்நுட்பம்.

ஜூனிப்பரின் முதல் ரவுட்டர் 1998-ல் வந்தது. 1999 ஜூனில் நிறுவனம் பங்குச் சந்தையில் அடியெடுத்து வைத்தது. முதல் நாளிலேயே பங்கு விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது.

துணிகர முதலீட்டின் கணக்கே தனி. போட்ட பணம் முழுவதும் போனாலும் நட்டம் ஒரு மடங்குதான். லாபத்துக்கோ உச்சவரம்பு கிடையாது. பத்தில் ஏழு மூழ்கினாலும் ஒன்று ஆயிரம் மடங்கானால் போதும். ஊரே ஒப்புக்கொள்ளும் யோசனையில் அந்த ஆயிரம் மடங்கு கிடைப்பது அரிது, ஏனென்றால் எல்லோரும் வரிசையில் நிற்கும் இடத்தில் பங்கின் விலை முன்பே ஏறியிருக்கும்.

ஆனால் சரியாகப் பார்ப்பது மட்டும் போதாது. 1999-ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் தங்கள் கூகுளை எக்ஸைட் என்ற தேடுதளத்துக்கு விற்கத் தயாராக இருந்தார்கள். எக்ஸைட்டில் முதலீடு செய்திருந்த கோஸ்லா பேசிப் பேசி விலையை ஏழரை லட்சம் டாலர் வரை இறக்கினார். எக்ஸைட்டின் தலைமைச் செயல் அதிகாரி ஜார்ஜ் பெல் அதற்கும் ஒப்பவில்லை. முடிவெடுக்கும் பேனா முதலீட்டாளர் கையில் இல்லை.

2004-ல் கோஸ்லா தன் பெயரிலேயே கோஸ்லா வென்ச்சர்ஸைத் தொடங்கி, மாற்று எரிபொருள் துறையில் இறங்கினார். அவருடைய வாழ்க்கையில் நாம் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அவர் பணம் போட்ட கியோர் என்ற நிறுவனம் பைன் மரத் துண்டுகளை வினையூக்கியோடு சூடாக்கி கச்சா எண்ணெய் எடுக்கப்போவதாகச் சொன்னது. 2011-ல் பங்கு வெளியிட்டு 15 கோடி டாலர் திரட்டியது. மிசிசிப்பி மாநில அரசு வட்டியில்லாமல் 7.5 கோடி டாலர் கடன் கொடுக்க, கொலம்பஸ் நகரில் ஆலை எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தந்த வேதியியல் ஆலையில் கைகொடுக்கவில்லை. ஒரு டன் மரத்திலிருந்து கிடைத்த எண்ணெய் சொன்ன அளவை நெருங்கவேயில்லை. நிறுவனம் தள்ளாடியபோதும் கோஸ்லா மேலும் பணம் போட்டார். 2014 நவம்பரில் கியோர் திவாலானது. மாநில அரசு வழக்குத் தொடுத்தது.

மென்பொருளில் தவறு மலிவாகவே தெரிந்துவிடும். நான்கு பேர், சில மாதங்கள், ஒரு முன்மாதிரி. ஆலை விஷயத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து முடித்த பிறகுதான் உண்மை தெரியும். அதற்குள் பொதுமக்கள் பணமும் உள்ளே வந்திருக்கும். ஒரு மடங்குதான் நட்டம் என்ற கணக்கு முதலீட்டாளருக்குச் சரி. மிசிசிப்பியில் வரி கட்டியவருக்கு ஆயிரம் மடங்கு லாபத்தில் பங்கேது? எதிர்நீச்சல் முதலீட்டைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எனக்கு ஏற்புடையதல்ல.

2012-லேயே மருத்துவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதியைக் கணினி நிரல்கள் செய்துவிடும் என்று கோஸ்லா எழுதினார். மருத்துவ உலகம் கொதித்தது. அந்த நம்பிக்கையோடுதான் 2019-ல் ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் 5 கோடி டாலர் போட்டார். அது லாப நோக்கற்ற அமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனம். முதலீட்டாளர் எடுக்கக்கூடிய லாபத்துக்கு வரம்பு வைத்திருந்தது. அதன் சாட்ஜிபிடி வெளிவர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. உச்சவரம்பற்ற லாபத்தையே நம்பி வாழும் தொழிலில் இருப்பவர் இப்படியொரு நிபந்தனைக்குக் கையெழுத்திட்டது அவருடைய முந்தைய முடிவுகள் எதையும்விட விநோதமானது. 2024 அக்டோபரில் ஓப்பன்ஏஐ-யின் மதிப்பு 15,700 கோடி டாலர்.

அதே காலகட்டத்தில் அவர் பணம் போட்ட இன்னொன்று காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ், அணுக்கரு இணைவிலிருந்து மின்சாரம் எடுக்க முயலும் நிறுவனம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டெவென்ஸில் அது தன் சோதனை உலையைக் கட்டத் தொடங்கியது. ஓப்பன்ஏஐ போல நிரல் எழுதிச் சோதித்துப் பார்க்கக்கூடியதல்ல அது. கியோர் போலவே, கட்டி முடித்து இயக்கினால்தான் விடை தெரியும்.