கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க

ஒரு சாதாரண ஆங்கில வினைச்சொல். ரயில் பெஞ்சில் தொடங்கி சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது

மூன்று பேர் உட்காரும் ரயில் பெஞ்சு. நான்காவதாக ஒருவர் வந்து நிற்கிறார். டில்லிப் பக்கம் என்றால் 'தோடா அட்ஜஸ்ட் கர் லீஜியே'. பெங்களூர் என்றால் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'. சென்னையில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்'. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த நாட்டில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எல்லைத் தகராறு இல்லை. மூவரும் முணுமுணுத்தபடி நகர்வார்கள். வந்தவருக்கு அரை அடி இடம் கிடைக்கும்.

இந்த நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது ரயில்வேக்குத் தெரியும். ரிசர்வேஷன் பெட்டிகளில் படுத்துக்கொள்ளும் நேரம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் என்று 2017 ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு முன் 9 மணியிலிருந்தே படுக்கலாம். ஆனால் நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் கூடுதல் நேரம் படுக்க விரும்பினால் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. ஆக, சட்டம் போட்ட பிறகும் கொஞ்சம் அட்ஜஸ்ட்!

சொல்லின் பிறப்பு லத்தீனில். 'ஜக்ஸ்டா' என்றால் பக்கத்தில். ஒன்றை இன்னொன்றின் அருகே கொண்டுவருவதுதான் மூலப் பொருள். பிரெஞ்சு வழியாக வந்தபோது, நியாயத்தைக் குறிக்கும் 'ஜஸ்ட்' என்ற சொல்லோடு தொடர்பு இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பும் சேர்ந்துதான் சொல்லுக்கு இன்றைய உருவம் கிடைத்தது. நெருக்கம் உண்மையான உறவு, நியாயம் தத்துப்பிள்ளை.

ஆங்கில அகராதிகளில் இதற்குப் பொருள்கள் ஏராளம். கடிகார முள்ளைத் திருத்துவது, மூக்குக் கண்ணாடியைச் சரியாகப் பொருத்துவது, பீரங்கியின் குறியை மாற்றுவது, இன்சூரன்ஸ் இழப்பைக் கணக்கிட்டுத் தீர்ப்பது, புது ஊருக்குப் பழகுவது. எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் எதை அல்லது எதற்கு என்று அடுத்த சொல்லில் தெரிந்துவிடும். இந்தியாவில் அந்த அடுத்த சொல் உதிர்ந்துவிட்டது. 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்பதோடு வாக்கியம் முடிகிறது. எதை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் கேட்பவர் பாடு.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. அது குறையல்ல. திருகாணியைத் திருகிச் சரிசெய்கிறோம். முன்பணத்தைக் கடனில் கழித்துக்கொள்கிறோம். பற்றாக்குறையை ஈடுகட்டுகிறோம். அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார். மருமகள் அனுசரித்துப் போகிறார். கான்ட்ராக்டர் அதிகாரியைச் சரிக்கட்டுகிறார். ஒவ்வொரு சொல்லும் யார் நகர்ந்தார், யாருக்கு லாபம் என்று காட்டிக்கொடுத்துவிடும். சரிக்கட்டினார் என்றாலே கவர் கைமாறியது புரிந்துவிடும். அதையே 'அட்ஜஸ்ட் பண்ணியாச்சு' என்று சொன்னால் காதுக்குக் கௌரவமாக இருக்கிறது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் கடைக்காரருக்கும் இந்தச் சொல்தான் கைகொடுத்து வந்தது.

காசு விஷயத்தில் எல்லாம் மிட்டாயோடு முடிவதில்லை. 1999-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கைப்படி, நிலையான லைசென்ஸ் கட்டணத்துக்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுக்க கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. எந்த வருமானத்தில்? 'அட்ஜஸ்டட் கிராஸ் ரெவென்யூ'வில். மொத்த வருவாயிலிருந்து எதைக் கழித்து அட்ஜஸ்ட் செய்வது என்பதில்தான் வம்பு. வட்டி, டிவிடெண்ட், வாடகை எல்லாம் டெலிபோன் வருமானமா என்று கம்பெனிகள் கேட்டன. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2019 அக்டோபர் 24 அன்று சுப்ரீம் கோர்ட் அரசின் விளக்கமே சரி என்றது. வட்டியும் அபராதமும் சேர்ந்து, பாக்கி சுமார் ரூ. 1.47 லட்சம் கோடி என்று அடுத்த மாதம் பாராளுமன்றத்தில் அரசு சொன்னது. தொலைத்தொடர்புக்குத் தொடர்பில்லாத வருமானத்தை இனிமேல் சேர்ப்பதில்லை என்று 2021-ல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. பழைய பாக்கிக்கு அது பொருந்தாது.

அரசியல்வாதிகளுக்கும் பிடித்த சொல். கூட்டணி என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் கட்சிகள் 'சீட் அட்ஜஸ்ட்மென்ட்' என்கின்றன.

பொருளாதாரத்தில் அது 'ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்' ஆயிற்று. கட்டமைப்புச் சீரமைப்பு என்று தமிழில் எழுதினார்கள். 1991 நெருக்கடியில் அந்தப் பெயரிலேயே உலக வங்கியிடம் இந்தியா கடன் வாங்கியது. ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. பட்ஜெட்டில் உர விலை 40 சதவீதம் ஏறியது. எதிர்ப்புக் கிளம்பவே 30 சதவீதமாகக் குறைந்தது, சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. யார் அட்ஜஸ்ட் செய்யவேண்டும் என்பதில் பேரம் பேச முடிந்த அரிய சந்தர்ப்பம் அது.

வீட்டுக்குள் அந்தப் பேரம் நடப்பது அபூர்வம். 'அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' என்ற அறிவுரை பெரும்பாலும் ஒரு திசையில்தான் பாய்கிறது. மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லி அனுப்பும் வீடுகள் குறைவு. சமையலில் உப்பு குறைவதையும் கணவன் கை ஓங்குவதையும் ஒரே சொல்லால் மூடிவிடலாம் என்பதுதான் இதில் ஆபத்து. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்திருக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். அடி, வசை, மிரட்டல், செலவுக்குப் பணம் தராமை என்று ஒவ்வொன்றுக்கும் அது தனித்தனியே பெயர் சொல்கிறது.

இந்தச் சொல் அடைந்த மிக மோசமான பொருள், சினிமா உலகில் எல்லோருக்கும் தெரிந்தும் அச்சில் ஏறாமல் இருந்தது. 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை காரில் கடத்தித் தாக்கப்பட்டார். அதன் பின் பெண் கலைஞர்களின் கோரிக்கையை ஏற்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.ஹேமா தலைமையில் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. மூத்த நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பர் 31 அன்று தரப்பட்ட அறிக்கை, பல பக்கங்கள் நீக்கப்பட்ட நிலையில் 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியே வந்தது. மலையாள சினிமாவில் பெண்களுக்கு மிகவும் பழக்கமான இரண்டு சொற்களாக அது குறிப்பிட்டவை 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்'. வாய்ப்பு வேண்டுமானால் உடலைத் தரவேண்டும் என்பதே இரண்டுக்கும் பொருள்.

அகராதி தயாரிப்பவர்கள் இந்தப் பொருளைச் சேர்ப்பார்களோ இல்லையோ, போலீஸ் கவனிக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் கேரள அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை நியமித்தது. நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழு, தலைவர் மோகன்லால் உட்பட, மொத்தமாக ராஜினாமா செய்தது. புகார் கொடுக்கப் போன பெண்களிடம் போலீஸ் கேட்டது வேறு சொற்களை: யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன செய்தார். எஃப்.ஐ.ஆர். படிவத்தில் அட்ஜஸ்ட் என்ற குற்றத்துக்கு இடமில்லை.