குளுக்கோஸ் நீரும் அரை நிமிடக் காணொளியும்

பாறசாலை எல்லைக் கிராமங்களில் தமிழ்க் காணொளியும் மலையாளக் காணொளியும் ஒரே கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. ‘வெந்தய நீர் போதும், இன்சுலின் வேண்டாம்’ என்போர் பரிசோதனையைப் பற்றி வாய் திறப்பதில்லை. வட்டியைச் சொல்லி நிபந்தனையை மறைக்கும் கடன் விளம்பரமே நினைவுக்கு வருகிறது.

சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறையையே நடுவண் அரசின் வழிகாட்டுதலும் ஏற்றுள்ளது. உண்டிருப்பினும் இல்லாவிடினும், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை அருந்தி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேலெனில் அது கர்ப்பகால நீரிழிவு. முதல் வருகையிலேயே ஒருமுறை. இயல்பெனில் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை.

மருத்துவர் எழுதிய இன்சுலினைக் காணொளியை நம்பி நிறுத்தினால், கருவிலுள்ள குழந்தை அளவுமீறிப் பருக்கவும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சரியவும் கூடும். பேறுகாலம் முடிந்து 6 வாரங்களில் தாய்க்கு மீண்டும் ஒரு பரிசோதனை உண்டு. அத்தேதியைக் கைப்பேசியிலேயே குறித்துவைக்கலாம்.