ஆலையும் ஆளும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர்க்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அரியமங்கலம், காட்டூர் முதலிய ஊர்களைக் கடந்ததும், சிறு குன்றொன்றின்மீது பழமையான சிவன் கோயில் ஒன்று தோன்றும். அதுவே திருவெறும்பூர். தேவர்கள் எறும்பு வடிவங் கொண்டு ஊர்ந்து வந்து இறைவனை வழிபட்டமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பது தலபுராணச் செய்தி. அக்குன்றிற்கு அப்பால், எறும்புகளைப் போலவே ஓய்வின்றி மக்கள் தொழிலாற்றும் பெரியதோர் ஆலை உளது. அதனையும் கடந்து, திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு சென்றால் துவாக்குடி என்னும் ஊரை அடையலாம்.

இப்பகுதி தொழிற்பகுதியாக மாறியது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலேயாம். செக்கோஸ்லோவாகிய நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இங்கு எழுந்து, 1965-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1964-இல், துவாக்குடியில் மண்டலப் பொறியியற் கல்லூரி நிறுவப்பெற்றது. அதுவே இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகின்றது. பேராலைக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் பல துவாக்குடியின் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் தோன்றின. இவ்வாறு கல்லூரியும், பேராலையும், சிறு தொழிற்கூடங்களும் ஒருங்கே அமைந்த இவ்விடம், ஒரு நிறுவனம் தன் தொழிலாளரை எவ்வாறு தேர்ந்து, பயிற்றி, மதிப்பிட்டு, ஊக்குவிக்கின்றது என்பதை அறிந்துகொள்வதற்கு ஏற்ற களமாகும்.

மின் நிலையத்துக் கொதிகலன் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நீர் நிறைந்த எண்ணற்ற எஃகுக் குழாய்கள் அதனுள் அணியணியாக நிற்கும். அவற்றைச் சூழ்ந்து நெருப்பு எரியும். உள்ளே விளையும் நீராவியின் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல 150 மடங்கு அளவினதாகும். வெப்பமோ 540 பாகை வரை ஏறும். அந்நீராவியே சுழலியைச் சுழற்றி மின்சாரத்தைத் தருகின்றது. குழாயோடு குழாயைப் பொருத்தும் இணைப்புகள் ஒரு பெருங்கொதிகலனில் பல்லாயிரம் உள. அவை யாவும் பற்றவைப்போரின் கையால் அல்லது அவர்தம் மேற்பார்வையில் இயங்கும் பொறிகளால் ஆவன. அவற்றுள் ஒன்று பழுதாயினும் நிலையம் முழுவதும் நின்றுபோகும். அருகிருப்போர்க்கு உயிர்க்கேடும் நேரலாம். 1863-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அதன் பின்னரே, 1864-இல், கொதிகலன்களை ஆராய்ந்து பார்க்கும் சட்டம் வங்காளத்தில் முதன்முதல் இயற்றப்பட்டது. இந்நாடு முழுமைக்குமான சட்டம் 1923-இலும், விரிவான விதிகள் 1950-இலும் வந்தன.

பற்றவைத்த இணைப்பின் மேற்புறம் மட்டுமே கண்ணுக்குப் புலனாகும். அதன் உட்புறம் புலனாகாது. மேலே வெள்ளிக் கோடு போல் மிளிரும் இணைப்பினுள்ளே காற்றுக் குமிழோ, கசடோ, மயிரிழை போன்ற வெடிப்போ மறைந்திருத்தல் கூடும். முதலாளியோ மேற்பார்வையாளரோ ஒவ்வொரு நொடியும் தொழிலாளியின் தோளருகே நின்று காத்தல் இயலாது. ஆதலின், எவரும் காணாதபோதும் செம்மையாகச் செய்யும் ஒருவனை ஆக்கிக்கொள்வதே நிறுவனத்தின் தலையாய கடமையாகின்றது. அதற்குரிய வழிகள் நான்கு: தேர்தல், பயிற்றல், மதிப்பிடுதல், ஊக்குவித்தல் என்பன.

முதலாவது, தேர்தல். வினைக்குரியவனை ஆராய்ந்து தெளிய வேண்டிய முறையைத் திருவள்ளுவர், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்களில் வகுத்துரைத்தார். அவர் அரசர்க்குக் கூறியது இன்று ஆலைக்கும் பொருந்தும். அரசுத்துறை நிறுவனங்கள் காலியிடங்களை யாவரும் அறிய விளம்பரம் செய்கின்றன. கல்வித் தகுதியையும் வயதையும் வரையறுக்கின்றன. எழுத்துத் தேர்வாலும், தேவைப்படுமிடத்து நேர்காணலாலும் செய்முறைத் தேர்வாலும் தகுதியுடையோரைத் தெரிந்தெடுக்கின்றன. சமூகத்தில் பின்தங்கிய வகுப்பினர்க்கு இடவொதுக்கீடும் உண்டு. இவ்வாறு வெளிப்படையாகத் தேர்வதன் பயன் யாதெனின், உழவர் மகனும் கூலியாளர் மகளும் எவருடைய பரிந்துரையையும் நாடாது ஆலையின் வாயிலுள் நுழைய இயலும் என்பதேயாம்.

சிறு தொழிற்கூடங்களில் முறை வேறு. அங்கே முன்னரே பணிபுரிவோர் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வருதல் பெருவழக்கு. இதனால் ஆள் எளிதிற் கிடைப்பான். அவனுக்காகப் பொறுப்பேற்பாரும் உண்டு. ஆயினும், அறிமுகம் வாயில் வரையில் உதவலாமே அன்றி வேலை மேசை வரையில் உதவலாகாது. நல்ல தொழிற்கூடத்தார், வந்தவன் யாருடைய மைந்தன் என வினவியபின், அவன் கையில் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து இணைத்துக் காட்டச் சொல்வர். அவனுக்காகப் பேச வேண்டியது அவ்விணைப்பேயன்றி அழைத்து வந்தவரல்லர்.

இரண்டாவது, பயிற்றல். தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்போ பொருத்துநர் தொழிலோ கற்று வந்தோரும் உடனே முழுத் தொழிலாளராகிவிடுவதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், குறித்த அளவினவான நிறுவனங்கள் இளைஞரைப் பழகுநராக ஏற்று, உதவித்தொகை கொடுத்துப் பயிற்ற வேண்டும் என விதித்தது. பழகுநர் முதலில் கற்பது பொறுமையை. மின்வில்லின் நீளம் சிறிது கூடினும் குறையினும் இணைப்புக் கெடும். கை நடுங்கலாகாது, மூச்சும் சீராக இருத்தல் வேண்டும். தட்டையாக வைத்த தகட்டில் பழகிய பின்னர், நிறுத்திய தகட்டிலும், தலைக்கு மேலுள்ள தகட்டிலும், இறுதியாகச் சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைக்கக் கற்பர். இக்கலையைப் புத்தகத்தால் மட்டும் கற்றுவிட முடியாது. முன்னோன் ஒருவன் அருகிருந்து, கற்போன் கையைப் பற்றித் திருத்துதல் வேண்டும்.

பயிற்சி பழகுநரோடு முடிந்துவிடுவதும் அன்று. புதிய எஃகு வகைகளும் புதிய முறைகளும் வருந்தோறும் பழந்தொழிலாளரும் மீண்டும் மாணாக்கர் ஆதல் வேண்டும். இதன் பொருட்டே, ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1975-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி ஆலையைச் சார்ந்து பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. பயிற்சிக்குச் செலவிடும் பணத்தை வீண் எனக் கருதும் நிறுவனம், பழுதான இணைப்பை அறுத்தெடுத்து மீண்டும் பற்றவைக்கும் செலவை மறந்ததாகும்.

மூன்றாவது, மதிப்பிடுதல். பற்றவைப்போனுக்கு இது கடுமையான சோதனை. அவன் இணைத்த மாதிரித் துண்டை முதலில் கண்ணால் ஆராய்வர். பின்னர் ஊடுகதிரால் படம் எடுப்பர். அதன்பின் அதனை வளைத்தும் பார்ப்பர். இவற்றில் தேறியவனுக்கே கொதிகலன் இணைப்புகளைப் பற்றவைக்கும் சான்றிதழ் கிட்டும். அச்சான்றிதழும் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாவதன்று; குறித்த காலத்தில் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஒவ்வொருவனுக்கும் தனி அடையாள எண் உண்டு. தான் செய்த இணைப்பு இன்னது என அவ்வெண்ணால் பின்னர் அறியலாம். ஓவியன் தன் ஓவியத்தில் பெயர் பொறிப்பது போன்றதே இதுவும். வேறுபாடு யாதெனின், ஓவியத்தில் பிழை இருப்பின் இரசிகர் முகஞ்சுளிப்பர். இணைப்பில் பிழை இருப்பின் உயிர்கள் அழியக்கூடும்.

ஆயினும் மதிப்பீட்டிலும் ஓர் அறம் உண்டு. ஊடுகதிர்ப் படத்தில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன எனக் கொள்வோம். உடனே தொழிலாளியைப் பழிப்பது எளிது. ஆனால், பற்றவைப்புக் கம்பியின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சியிருப்பினும் அத்தகைய புள்ளிகள் தோன்றும். ஆதலால் கம்பியை அடுப்பிலிட்டு உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அடுப்புப் பழுதுபட்டிருந்ததோ, கிடங்கினின்று கம்பி ஈரத்தோடு வழங்கப்பட்டதோ, வேலையை விரைந்து முடிக்குமாறு மேலிருந்து நெருக்கினரோ என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறல் தகும். அவ்வாறு ஆராயும் ஆலையில், தொழிலாளி தன் பிழையைத் தானே முன்வந்து கூறுவான். பழி தூற்றும் ஆலையிலோ, பிழையின் மேல் ஓர் அடுக்கு இட்டு மறைத்துவிடுவான். மறைத்த பிழையே மிகப் பெரிய இடர் என்பதை உணர்ந்தோர் மதிப்பீட்டைத் தண்டிக்கும் கோலாகக் கொள்ளாது, திருத்தும் விளக்காகக் கொள்வர்.

அலுவலகப் பணியாளரையும் பொறியாளரையும் மதிப்பிடுதற்கு ஊடுகதிர் இல்லை. ஆண்டுதோறும் எழுதப்படும் அறிக்கையே அவர்க்கு அளவுகோல். அங்கே விருப்பு வெறுப்புகள் புகுதல் எளிது. அண்மையில் நிகழ்ந்த ஒரு தவற்றால் ஆண்டு முழுவதும் ஆற்றிய நற்பணி மறைந்துபோதலும் உண்டு. முன்னரே குறிக்கோள் இன்னதென அறிவித்தலும், குறை கண்டவிடத்து அதனை உரியவர்க்கு நேரில் எடுத்துரைத்தலும், அவர் கூறும் விடையைச் செவிமடுத்தலும் இக்கேட்டை நீக்கும் மருந்தாகும்.

நான்காவது, ஊக்குவித்தல். உழைப்புக்கேற்ற ஊதியமே ஊக்கத்தின் வேர். அஃது இல்லாதவிடத்துப் புகழுரைகள் பயனற்றன. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்குத் தோலுறை, புகையை வெளியேற்றும் வசதி, குடியிருக்க வீடு, மருத்துவம், பிள்ளைகட்குக் கல்வி ஆகியவை அடுத்து வேண்டுவன. பேராலையை அடுத்துள்ள கைலாசபுரம் என்னும் குடியிருப்பு இந்நோக்கத்தோடு அமைக்கப்பட்டதே.

எனினும் மனிதன் ஊதியத்தால் மட்டும் ஊக்கம் பெறுவதில்லை. 1924 முதல் 1932 வரை அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் அருகே, ஹாதார்ன் என்னும் ஆலையில் சில சோதனைகள் நிகழ்ந்தன. வெளிச்சத்தை மிகுத்தபோது வேலை மிகுந்தது. குறைத்தபோதும் வேலை குறையாமையைக் கண்டு ஆராய்ந்தோர் வியந்தனர். தம்மையும் ஒரு பொருட்டாக மதித்துக் கருத்துக் கேட்கின்றனர் என்னும் உணர்வே தொழிலாளரை ஊக்கியது என அவர்கள் கருதினர். அச்சோதனைகளின் முடிவுகளைப் பின்வந்த அறிஞர் சிலர் மறுத்துரைத்ததுண்டு. ஆயினும், தொழிலாளியின் உள்ளத்தை நிறுவனங்கள் கருதத் தொடங்கியமைக்கு அவை ஒரு காரணமாயின.

அவ்வுணர்வுக்கு உருக்கொடுத்ததே தர வட்டம் என்னும் அமைப்பு. ஒரே இடத்தில் பணிபுரியும் சிலர் குழுவாகக் கூடித் தம் வேலையிலுள்ள இடர்களைத் தாமே ஆராய்ந்து தீர்வு காண்பர். 1962-இல் ஜப்பானில் தோன்றிய இம்முறை, 1980-இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலை வாயிலாக இந்தியாவிற்கு வந்தது. கையால் வேலை செய்வோன் கருத்தாலும் உதவ வல்லவன் என்பதை அது மெய்ப்பித்தது. 1985-இல் ஏற்படுத்தப்பட்ட பிரதமரின் சிரம விருதுகளைப் பெற்றோருள் திருச்சிராப்பள்ளி ஆலைத் தொழிலாளரும் உளர்.

இந்நான்கும் பேராலைக்கு மட்டும் உரியன அல்ல. துவாக்குடிச் சிறு தொழிற்கூடங்களில் செய்த உறுப்பும் அதே மின் நிலையத்தைத்தான் சென்றடைகின்றது. அதனுள் புகும் நீராவி, இது நிலையான பணியாளன் செய்தது, இது ஒப்பந்தக் கூலியாளன் செய்தது எனப் பிரித்தறியாது. ஆனால், வேலை குறையுங் காலத்தில் முதலில் வெளியேற்றப்படுவோன் ஒப்பந்தக் கூலியாளனே. பயிற்சியும் காப்புக் கருவியும் கடைசியில் சென்றடைவதும் அவனையே. நன்கு பழகிய பின் அவன் வளைகுடா நாடுகட்கோ சிங்கப்பூர்க்கோ சென்றுவிடின், ஆள் கிடைக்கவில்லை எனத் தொழிற்கூடத்தார் வருந்துவர். பயிற்றிய கையை நிறுத்திக்கொள்வதற்குரிய மதிப்பையும் ஊதியத்தையும் பாதுகாப்பையும் அவனுக்கும் அளித்தலே அவ்வருத்தத்தைத் தீர்க்கும் வழியாகும்.

தேர்ந்தெடுத்தபின் பயிற்றாமை விதைத்த பயிர்க்கு நீர் விடாமை போன்றது. பயிற்றியபின் மதிப்பிடாமை, விளைந்ததை அளவாமை போன்றது. மதிப்பிட்டபின் ஊக்குவியாமையோ, அளந்த நெல்லில் உழவனுக்குரிய பங்கைக் கொடாமை போன்றது. நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன.

இரவில் ஒரு மாணவன் விசையை அழுத்துகின்றான்; விளக்கு எரிகின்றது; அவன் பாடத்தைப் படிக்கத் தொடங்குகின்றான். தொலைவிலுள்ள ஏதோ ஒரு மின் நிலையத்தில், கண்ணுக்குப் புலனாகாத ஓர் இணைப்பு அந்நேரத்தில் பெரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றது. அதனைச் செய்தவன் பெயரை அம்மாணவன் அறியான். ஆனால், காண்பார் எவரும் இல்லாத வேளையிலும் தன் கை பிழை செய்யலாகாது என அவன் எண்ணினான். அவ்வெண்ணத்தை அவன் உள்ளத்தில் வளர்த்த நிறுவனமே நல்ல நிறுவனமாகும்.